உப்புக்காற்று வீட்டில் வாஷிங் மெஷின்: பழுது பார்ப்பதா, மாற்றுவதா?

போன ஐப்பசியில் ஒரு காலை, தண்ணீரும் துணியும் நிறைந்த ட்ரம்மோடு எங்கள் வீட்டு மெஷின் நின்றுவிட்டது. ஆறு வருடம் ஓடிய ஃபிரண்ட் லோட், முன்பக்கக் கதவு வழியாகத் துணி போடும் வகை. போன் போட்டு வரவழைத்த சர்வீஸ் ஆள் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார், இரண்டு பட்டனை அழுத்தினார். "போர்டு போயிருச்சு. ஒம்பதாயிரம் ஆகும். அதுக்குப் புதுசே எடுத்துரலாம்" என்றார். போர்டு என்றால் மெஷினை இயக்கும் மின்னணுப் பலகை. வந்து பார்த்த காசை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மறுநாள் உச்சிப்புளியிலிருந்து தெரிந்த மெக்கானிக் ஒருவர் எங்கள் ஊரான மண்டபம் வரை வந்தார். முன்பக்கம் கீழே இருக்கும் சின்ன மூடியைத் திறந்து, தண்ணீரை வடித்து, பம்பின் இறக்கையில் சுற்றிக் கிடந்த ஒரு முழத் தங்கூசி நரம்பை (மீன்பிடி நைலான் இழை) உருவி என் கையில் கொடுத்தார். மச்சான் கடலுக்குப் போட்டுக்கொண்டு போகும் கால்சட்டைப் பையில் இருந்து வந்தது அது. கூலி 400 ரூபாய். மெஷின் ஓடியது.

அவர் அதோடு போகவில்லை. மெஷினைச் சுவரில் சாய்த்து, செல்போன் வெளிச்சத்தை அடியில் அடித்து, "இங்க பாருங்கண்ணே" என்றார். அடித் தகடு ஓரமெல்லாம் பொரிந்துபோய் இருந்தது. "இன்னும் ரெண்டு வருசம் ஓடும். நடுவுல யாராவது போர்டு மாத்தச் சொன்னா மாத்தாதீங்க. போர்டு இருக்கும், பாடி இருக்காது."

நம் கடற்கரையில் இந்த முடிவை எடுக்க வேண்டிய முறை அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. மதுரையில் ஒரு மெஷின் பழசாகி ஓயும். தொண்டியில் இருந்து மூக்கையூர் வரை உள்ள ராமநாதபுரம் மாவட்டக் கரையில் அது அரிக்கப்பட்டு ஓயும். அதனால் மெஷினின் வயது இரண்டாவது கேள்விதான். உப்பு எதுவரை போயிருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். நான் இப்போது எந்த வரிசையில் பார்க்கிறேனோ அதையே கீழே சொல்கிறேன்.

யாரையும் கூப்பிடும் முன் அரை மணி நேரம்

பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் மெஷினில் கை வைக்க வேண்டும். ஸ்விட்சை மட்டும் அணைப்பது போதாது. உப்புக்காற்று வீட்டில் ஸ்விட்ச் போர்டே ஈரம் கோத்திருக்கும்.

தண்ணீர் ஏறவில்லை என்றால், மெஷினின் பின்னால் குழாய் மாட்டும் இடத்தில் விரல்நுனி அளவில் ஒரு வலை இருக்கும். குழாயைக் கழற்றி, மூக்கு இடுக்கியால் அந்த வலையை வெளியே இழுத்துப் பாருங்கள். போர் தண்ணீர் ஓடும் வீடுகளில் அது வெள்ளையாகச் சுண்ணாம்பு பிடித்து அடைத்திருக்கும். எலுமிச்சை உப்பை (சிட்ரிக் ஆசிட்) சுடுநீரில் கரைத்து ஒரு மணி நேரம் ஊறப் போட்டால் கரைந்துவிடும். அப்படியும் மெதுவாகவே ஏறினால் டேங்க் உயரத்தைப் பாருங்கள். தண்ணீர் 10 மீட்டர் உயரத்தில் நின்றால்தான் ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம் கிடைக்கும். ஒற்றைத் தள வீட்டின் மொட்டைமாடியில் தரையோடு உட்கார்ந்திருக்கும் டேங்க் 0.3 பார் கொடுத்தால் பெரிது. குறைந்தபட்சம் எவ்வளவு வேண்டும் என்பது மெஷினுக்கு மெஷின் மாறும், கையேட்டில் போட்டிருப்பார்கள். எங்கள் தெருவில் ஒருவர் இரண்டு முறை வால்வு மாற்றிவிட்டு, கடைசியில் டேங்குக்கு அடியில் நாலு வரிசை செங்கல் கட்டிப் பிரச்சினையைத் தீர்த்தார்.

தண்ணீர் வெளியேறவில்லை என்றால் என் கதைதான். முன்பக்கக் கீழ் மூடியைத் திறக்கும் முன் ஒரு தட்டும் பழந்துணியும் வைத்துக்கொள்ளுங்கள், வீடு குளமாகிவிடும். மேலிருந்து துணி போடும் டாப் லோடில் அந்த மூடி இருக்காது. வடிகுழாய் மடங்கியிருக்கிறதா, அதன் வாய் சாக்கடை மண்ணில் புதைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

திரையில் எழுத்து மின்னினால் அதைக் குறித்து வையுங்கள். எல்ஜியில் 'ஐஇ' என்றால் தண்ணீர் வரவில்லை, 'ஓஇ' என்றால் வடியவில்லை, 'டிஇ' என்றால் கதவு சரியாகப் பூட்டவில்லை. சாம்சங்கில் '4சி' வரத்து, '5சி' வடிப்பு. வரத்து, வடிப்பு, கதவு என்ற இந்த மூன்றுக்கும் எடுத்த எடுப்பில் போர்டைக் குற்றம் சொல்கிறவரை நம்பாதீர்கள். சாயங்காலம் மட்டும் மெஷின் நின்று நின்று ஓடினால் வோல்டேஜை அளக்கச் சொல்லுங்கள். வீட்டுக்கு வர வேண்டியது 230. எல்லோரும் மோட்டார் போடும் நேரத்தில் அது எவ்வளவு இறங்குகிறது என்று தெரிந்தால் பாதி மர்மம் விலகும்.

துருப் பரிசோதனை

சின்னக் கோளாறு இல்லை என்று ஆகிவிட்டதா? இனி விலை கேட்கும் முன் உடம்பைப் பாருங்கள். இரண்டு பேர் வேண்டும். ஃபிரண்ட் லோடுக்குள் கான்கிரீட் கட்டி இருப்பதால் தனியாகச் சாய்த்தால் இடுப்பு போகும்.

கால்கள் திருகியிருக்கும் மூலைகளை ஒரு ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்துங்கள். பெயின்ட் உதிர்ந்து கீழே கெட்டித் தகடு தட்டுப்பட்டால் பரவாயில்லை. முனை உள்ளே இறங்கினால் அந்த மெஷினுக்கு 500 ரூபாய்க்கு மேல் செலவு செய்யாதீர்கள். டாப் லோடில் இன்னொரு இடம் முக்கியம். ட்ரம் முழுவதும் மேல்பக்க நான்கு மூலைகளிலிருந்து நான்கு கம்பிகளில் தொங்குகிறது. மூலை அரித்தால், துணி பிழியும் வேகத்தில் ஒருநாள் ட்ரம் சாய்ந்து உடைக்கும். கம்பியை மாற்றலாம், அது மலிவு. மூலையை மாற்ற முடியாது.

ஃபிரண்ட் லோடில் கண்ணுக்குத் தெரியாத இடம் ஒன்று இருக்கிறது. எவர்சில்வர் ட்ரம்மைப் பின்னால் தாங்கிப் பிடிப்பது மூன்று கை கொண்ட ஒரு அலுமினிய வார்ப்பு. மெக்கானிக்குகள் ஸ்பைடர் என்பார்கள். எவர்சில்வரும் அலுமினியமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு உப்புத் தண்ணீரில் கிடந்தால் அலுமினியம்தான் கரையும். படகு வைத்திருப்பவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டாம். புரொப்பல்லர் அரிக்காமல் இருக்க அதன் பக்கத்தில் ஜிங்க் கட்டி வைத்து, அந்த ஜிங்க்கைத் தின்னக் கொடுப்பார்களே, அதே கணக்கு. மெஷினில் அந்த ஜிங்க்கின் வேலையை ஸ்பைடர் பார்க்கிறது.

கதவைத் திறந்து ட்ரம்மின் மேல் விளிம்பைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். ட்ரம்மும் வெளித் தொட்டியும் சேர்ந்து ஸ்பிரிங்கில் ஆடினால் சரி. ட்ரம் மட்டும் தனியாக மேலும் கீழும் ஆடி 'டக் டக்' என்றால் பேரிங்கோ ஸ்பைடரோ போய்விட்டது. வெள்ளைத் துணியில் சாம்பல், காவி நிறக் கறை. பிழியும்போது வள்ளத்து என்ஜின் மாதிரி சத்தம். இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் சந்தேகமே வேண்டாம்.

போர்டுக்கும் ஒரு வார்த்தை. போர்டு போச்சு என்று சொல்பவரிடம், "கழற்றிக் காட்டுங்க அண்ணே" என்று கேளுங்கள். இணைப்பு ஊசிகளில் பச்சைக் களிம்பு மட்டும் பிடித்திருந்தால், அதற்கான கிளீனர் அடித்து பிரஷால் தேய்த்தாலே பல நேரம் உயிர் வந்துவிடும். பல்லி செத்துக் கருகியிருந்தால் அதுவும் தெரியும். பல கம்பெனிகள் போர்டு மேல் கோந்து மாதிரி ஒரு பூச்சு ஊற்றியிருப்பார்கள். ஈரத்துக்கு அது நல்லது, ரிப்பேருக்குக் கெட்டது. அப்படிப்பட்ட போர்டில் ஒரு பாகத்தை மட்டும் மாற்றுவது கஷ்டம், முழுதாகத்தான் மாற்றுவார்கள்.

எந்தக் கோளாறுக்கு எவ்வளவு போகலாம்

இங்கே சொல்லும் ரூபாய்க் கணக்கு நானும் உறவுக்காரர்களும் கொடுத்து அறிந்தது. மாடலுக்கு மாடல் கூடும், குறையும்.

வரத்து வால்வு, வடிபம்பு, பெல்ட், கப்பாசிட்டர், மூடி ஸ்விட்ச், கதவுப் பூட்டு, செமி ஆட்டோமேடிக்கில் (துவைக்கவும் பிழியவும் தனித்தனித் தொட்டி உள்ளது) பிரேக் வயர், பிழியும் தொட்டிக்கு அடியில் இருக்கும் ரப்பர் சீல். இவையெல்லாம் 500 முதல் 2,000 ரூபாய்க்குள் முடிகிற வேலை. உடம்பு திடமாக இருந்தால், பத்து வருட மெஷினாக இருந்தாலும் யோசிக்காமல் செய்யுங்கள்.

செமி ஆட்டோமேடிக்கில் மோட்டார் எரிந்தாலும் நான் மாற்றச் சொல்ல மாட்டேன். தண்ணி மோட்டாருக்குக் காயில் கட்டும் கடைகளில் இதற்கும் கட்டுவார்கள். பழையது அலுமினியக் கம்பியாக இருந்தால் செம்பில் கட்டச் சொல்லலாம். செமி ஆட்டோமேடிக்கை எங்கள் பக்கத்தில் கொஞ்சம் கேவலமாகப் பார்ப்பார்கள், ஏதோ வசதி இல்லாதவர் வாங்குவது போல. ஆனால் பெரும்பாலும் பிளாஸ்டிக் உடம்பு, போர்டு கிடையாது, கைப்பிடி திருகும் டைமர். கடலுக்கு இதைவிடப் பொருத்தமான மெஷின் இல்லை. என் அத்தை தங்கச்சிமடத்தில் பன்னிரண்டு வருடமாக ஒன்றை ஓட்டுகிறார்.

போர்டு, டாப் லோடின் கிளட்ச் ஆகியவை 3,000 முதல் 9,000 வரை போகும். இங்கேதான் துருப் பரிசோதனை தீர்ப்புச் சொல்ல வேண்டும். ஸ்பைடர், பேரிங், தொட்டி என்று வந்துவிட்டால் பெரிய வேலை. சில ஃபிரண்ட் லோடுகளில் வெளித் தொட்டியை இரண்டு பாதியாகத் திருகியிருப்பார்கள், பிரிக்கலாம். சிலவற்றில் உருக்கி ஒட்டியிருப்பார்கள். அதில் ஐநூறு ரூபாய் பேரிங்குக்காக முழுத் தொட்டியையும் வாங்க வேண்டும். ஒட்டிய தொட்டியா, திருகிய தொட்டியா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். ஐந்து வருடம் தாண்டிய, ஒட்டிய தொட்டி மெஷினில் பேரிங் போனால், கடலோரத்தில் அதைவிட்டுவிடுவதுதான் என் கட்சி.

கணக்குப் போடும் விதம்

ரிப்பேர் செலவு புது மெஷின் விலையில் பாதியைத் தாண்டினால் மாற்று என்பது ஊரெங்கும் சொல்லும் கணக்கு. நமக்கு அது சரிப்படாது, ஏனென்றால் அது மிச்ச ஆயுளைக் கேட்பதில்லை. நான் செலவை மிச்ச வருடங்களால் வகுக்கிறேன்.

புது டாப் லோட் 20,000 ரூபாய் என்று வையுங்கள். இந்தக் காற்றில் எட்டு வருடம் வந்தால் வருடத்துக்கு 2,500. பழைய மெஷினுக்கு 5,000 கேட்கிறார்கள். உடம்பு நன்றாக இருந்து நான்கு வருடம் ஓடும் என்றால் வருடத்துக்கு 1,250 தான், தாராளமாகச் செய்யலாம். அடித் தகடு பொரிந்து ஒன்றரை வருடம்தான் தாங்கும் என்றால் வருடத்துக்கு 3,300 சொச்சம். பாதி விலை கணக்கில் தேறிய ரிப்பேர் இதில் தோற்றுவிடுகிறது.

இதோடு காத்திருப்பையும் சேருங்கள். பாகம் மதுரையிலிருந்து வர வேண்டுமென்றால் ராமநாதபுரத்துக்கே நூறு கிலோமீட்டருக்கு மேல். அங்கிருந்து ராமேஸ்வரத்துக்கு இன்னொரு ஐம்பது சொச்சம். வாரத்துக்கு ஒருமுறைதான் தீவுப் பக்கம் வருவோம் என்று சொல்லும் சர்வீஸ் ஆட்கள் இருக்கிறார்கள். வீட்டில் கைக்குழந்தையோ படுக்கையில் பெரியவரோ இருந்தால் மூன்று வாரம் காத்திருப்பதும் ஒரு செலவுதான்.

வாரன்டி இருக்கிறதா என்று பில்லைத் தேடிப் பாருங்கள். வாரன்டிக்குள் வெளி ஆள் ஸ்க்ரூ கழற்றினால் கம்பெனி கையை விரிக்கும். மோட்டாருக்குப் பத்து வருட வாரன்டி என்று ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். அது பெரும்பாலும் மோட்டார் பாகத்துக்கு மட்டும்; ஆள் கூலியும் வரியும் நம் தலையில்தான். கடலோரத்தில் பொதுவாக மோட்டார் கடைசியாகத்தான் போகும் என்பது வேறு கதை.

சர்வீஸ் ஆளிடம் மூன்று விஷயங்களில் விட்டுக்கொடுக்காதீர்கள்: வேலை தொடங்கும் முன் தொகையை எழுதித் தரச் சொல்வது, கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குவது, மாற்றிய பாகத்துக்கு எத்தனை நாள் பொறுப்பு என்று பில்லில் போடச் சொல்வது. பாகமே கிடைக்காது, புதுசு வாங்குங்கள் என்று கம்பெனி தரப்பில் அடித்துச் சொன்னால், மத்திய அரசின் நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் தொடங்கிய 'ரைட் டு ரிப்பேர்' இணையதளத்தில் உங்கள் கம்பெனி இருக்கிறதா என்று பாருங்கள். புகார் சொல்ல தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

மாற்றத்தான் வேண்டும் என்றால்

பழைய மெஷினைக் கொன்ற காரணம் இன்னும் வீட்டில்தான் இருக்கிறது. அதை விட்டுவிட்டுப் புது மெஷினைக் கொண்டுவந்தால், அதற்கும் அதே கதிதான்.

முதலில் தண்ணீர். குடிநீருக்கான இந்தியத் தர அளவில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 600 வரை. துணிக்கும் அதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். தீவில் ஒரு வீட்டுக் கிணறு இனிக்கும், நாலு வீடு தள்ளி வாயில் வைக்க முடியாது; ஆகவே உங்கள் தண்ணீரை அளந்து பாருங்கள். 600-க்கு மேல் போனால் ஹீட்டர் உள்ள ஃபிரண்ட் லோட் வாங்காதீர்கள். சுட வைக்கும்போதுதான் சுண்ணாம்பு அதிகம் படியும். விலைக்குத் தண்ணீர் வாங்கும் வீடு என்றால் யோசனை மாறும்: ஒரு தடவைத் துவைப்புக்கு ஃபிரண்ட் லோட் டாப் லோடில் பாதித் தண்ணீரைத்தான் குடிக்கும். செமி ஆட்டோமேடிக்கில் இன்னொரு சௌகரியம். குடத்தால் ஊற்றலாம். முதல் அலசலுக்குப் போர் தண்ணீர், கடைசி அலசலுக்குக் குடிநீர்க் குழாயில் வரும் காவிரித் தண்ணீர் என்று நாமே பிரித்துக்கொள்ளலாம்.

அடுத்து இடம். மண்டபத்தில் இரண்டு பக்கமும் கடல். வாடைக் காலத்தில் வடகடலில் இருந்து உப்பு வரும், தென்காற்றான சோழகம் அடிக்கும்போது தென்கடலில் இருந்து. மெஷினின் முதுகு எந்தக் கடலைப் பார்க்கிறது என்று யோசித்து, திறந்த தாழ்வாரத்தில் இருந்து உள்ளே கொண்டுவாருங்கள். கடையில் இலவசமாகத் தரும் இரும்பு ஸ்டாண்டு ஒரு வருடத்தில் துரு பிடித்து அந்தத் துருவை மெஷினுக்கும் கொடுக்கும்; பிளாஸ்டிக் ஸ்டாண்டு போதும், அல்லது ஒரு சாண் உயரச் சிமென்ட் மேடை. இறுக்கிக் கட்டும் பிளாஸ்டிக் உறையைத் தூக்கிப்போடுங்கள், உள்ளே ஈரம் புழுங்கும். பழைய வேட்டி போதும். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் பிழிந்த துணியால் உடம்பைத் துடைத்துவிடுங்கள்.

எர்த். நம் மணல் காய்ந்தால் எர்த் பிடிக்காது. மெஷினைத் தொட்டால் சுருக்கென்று இழுத்தால் அது மெஷின் கோளாறு என்று நினைப்பார்கள். பாதி நேரம் எர்த் குழி செத்துப்போயிருக்கும். எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு அளந்து, குழியைப் புதுப்பித்துவிட்டுப் புது மெஷினை இறக்குங்கள்.

கடலுக்குப் போய்வந்த துணியை நேராக மெஷினில் போடாதீர்கள். ஒரு வாளி நல்ல தண்ணீரில் முக்கி, மணலையும் உப்பையும் விட்டு, பையைத் துழாவிவிட்டுப் போடுங்கள். எங்கள் வீட்டில் இது இப்போது சட்டம், மச்சானுக்கும் சேர்த்து. மாதம் ஒருமுறை ஒரு கைப்பிடி எலுமிச்சை உப்பு போட்டு வெறும் மெஷினைச் சுடுநீரில் ஓட்டலாம். ஆனால் அதோடு பிளீச்சிங் பவுடரைச் சேர்க்கவே கூடாது, நச்சு வாயு கிளம்பும்.

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் வேறு ஒரு தொல்லை. பிள்ளைகள் வளைகுடாவில் இருக்க, வீடு மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும். தெரிந்த லாத்தா (அக்கா) ஒருவர் எட்டு மாதம் துபாயில் மகனோடு இருந்துவிட்டு வந்து பார்த்தால், மெஷின் உறுமுகிறது, சுற்றவில்லை. இரண்டு வருட மெஷின், அவ்வளவாக ஓடவே இல்லை. உள்ளே நின்ற தண்ணீர் வற்றி உப்பாகி, வடிபம்பை இறுக்கிப் பிடித்திருந்தது. வயரை எலி கடித்திருந்தது. பூட்டிவிட்டுப் போகும் முன் நல்ல தண்ணீரில் ஒரு அலசல் ஓட்டி, பம்பு மூடியைத் திறந்து கடைசிச் சொட்டு வரை வடித்து, குழாயை மூடி, பிளக்கைப் பிடுங்கி, கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போங்கள். அடிப்பகுதி திறந்திருக்கும் மாடலுக்கு எலி வலைத் தகடு கடையில் கிடைக்கும்.

பழையதைக் கொடுக்கும் விஷயம். எக்ஸ்சேஞ்சில் கடைக்காரர் சொல்லும் தொகையையும் இரும்புக்கடைத் தொகையையும் இரண்டையும் கேளுங்கள். எக்ஸ்சேஞ்ச் இல்லாத விலையைத் தனியாகக் கேட்டுவிட்டு அப்புறம் பழையதைப் பற்றிப் பேசினால்தான் உண்மை தெரியும். 2023 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கும் மின்கழிவு விதிகளின்படி, விற்ற கம்பெனிகளுக்குப் பழையதை மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு உண்டு. எடுத்துக்கொள்வார்களா என்று அவர்களிடமும் கேட்கலாம். போர்டும் வடிபம்பும் நல்ல நிலையில் இருந்தால் மெக்கானிக்கே தனியாக விலை கொடுப்பார். இரும்புக்கடைக்குத்தான் போகிறது என்றால் ஒன்றைத் தெரிந்துகொண்டு பேரம் பேசுங்கள்: ஃபிரண்ட் லோடுக்குள் இருக்கும் கான்கிரீட் கட்டிக்கு அவர் காசு தர மாட்டார். எங்கள் முந்தைய மெஷினைத் தராசில் ஏற்றும் முன் அதை உடைத்து எடுத்துவிட்டுத்தான் எடை போட்டார். கட்டி இப்போது எங்கள் வீட்டு வாசலில் கேட் ஆடாமல் இருக்க முட்டுக் கொடுத்துக் கிடக்கிறது.